பால்மரத்தின் முன்னே

சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் வாயில் விடியற்காலை ஐந்து மணிக்கே திறந்துவிடும். திருச்சியிலிருந்து விருந்தினராக வந்திருந்த தாவரவியல் பேராசிரியரும், தமிழாசிரியையான அவர்தம் துணைவியாரும் ஏழு மணிக்கெல்லாம் அங்கு வந்து சேர்ந்தனர். அழைத்து வந்தவர் அந்நகரில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றும் அவர்களுடைய தோழி. தோழியின் தாயாரும் உடன் வந்திருந்தார். அவருக்கு வயது எழுபத்தெட்டு. "ரொம்ப தூரம் நடக்கணும், வீட்டிலேயே இருங்கம்மா" என்று மகள் முதல்நாள் இரவே சொல்லிப் பார்த்தார். "மரம் பாக்கத்தானே போறீங்க? நானும் வாரேன்" என்று கூறிவிட்டுத் தாயார் காலையில் எல்லாருக்கும் முன்பாகவே புறப்பட்டு நின்றார்.

1859ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட அப்பூங்கா, 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நகரின் நடுவே, ஏறத்தாழ ஆறு எக்டேர் பரப்பில் ஒரு மழைக்காடும் அதனுள் காக்கப்பட்டு வருகிறது. பூங்காவைவிட மூத்ததெனக் கருதப்படும் தெம்புசு மரத்தின் முன் நண்பர்கள் நெடுநேரம் நின்றனர். சிங்கப்பூரின் ஐந்து வெள்ளித் தாளில் இடம்பெற்றிருப்பது அம்மரமே. அடுத்து ஆர்க்கிட் மலர்த்தோட்டம். 1981இல் நாட்டு மலராக அறிவிக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிம் மலரைக் கண்டு தமிழாசிரியை சிறுமிபோல் மகிழ்ந்தார். தோழி சளைக்காமல் படமெடுத்துக்கொடுத்தார்.

வெயில் ஏறத் தொடங்கியதும் பேராசிரியர் கேட்டார்: "இங்கே ரப்பர் மரம் எங்கே இருக்கிறது? அதைப் பார்க்காமல் திரும்பினால் மாணவர்களுக்கு என்ன சொல்வேன்?"

தோழி சற்றுத் தயங்கினார். "அது சாதாரண மரந்தான் சார். பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது" என்றார். தாயார் ஒன்றும் பேசவில்லை. பேராசிரியர் விடவில்லை. கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்து அவரே முன்னே நடந்தார்.

மரம் உண்மையிலேயே சாதாரணமாகத்தான் இருந்தது. சாம்பல் நிறப் பட்டை, மும்மூன்றாய் விரிந்த இலைகள். ஆனால், அதன் வரலாற்றைப் பேராசிரியர் சொல்லத் தொடங்கியதும் அனைவரும் நிழலில் அமர்ந்துவிட்டனர். 1876இல் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனின் கியூ பூங்காவிற்குக் கொண்டுசென்றார். அங்கு முளைத்தவற்றுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. 1888இல் இப்பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தை அழிக்காமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். பழைய வெட்டின் விளிம்பிலேயே பட்டையை மெல்லிதாகச் சீவினால் பால் வடியும். சீவிய இடத்தில் புதுப்பட்டையும் வளரும். தோட்டக்காரர்களைக் காணும்போதெல்லாம் ரப்பர் விதைகளைக் கொடுத்து நடச் சொன்னதால் அவரைப் 'பித்தர் ரிட்லி' என்று ஊரார் கேலி செய்தனராம். பின்னாளில் மலாயா எங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறினர்.

பேராசிரியர் பேச்சை நிறுத்தியபோது தாயார் மரத்தருகே சென்று நின்றிருந்தார். சுட்டுவிரலைப் பட்டையின்மேல் வைத்து, இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாக ஒரே சீராக இழுத்தார்.

"இந்த வாக்குலதான் வெட்டணும் தம்பி. மாத்தி வெட்டினா பால் கம்மியா வரும்" என்றார்.

பேராசிரியர் வியந்து எழுந்தார். "பால்குழல்கள் பட்டைக்குள் நேராக இல்லாமல் சற்றுச் சாய்ந்து செல்கின்றன. இப்படி வெட்டினால்தான் அதிகமான குழல்கள் அறுபடும். இதை நான் நூலில் படித்தேன். உங்களுக்கு யார் சொன்னார்கள் அம்மா?"

"யாரு சொல்லணும்? ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு மரம். கை சொல்லும்."

பிறகு அவரே பேசினார். ஜொகூர் மாநிலத் தோட்டமொன்றில் பதினான்கு வயதில் உளி பிடித்தவர் அவர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் கட்டிய விளக்கொளியில் மரம் மரமாக நடப்பார். வெயில் ஏறிவிட்டால் பால் சுருங்கிவிடும். உளி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டால் மரம் காயப்பட்டு முண்டு விழும். கங்காணி கூலியில் கைவைப்பார். மழை பெய்து பட்டை நனைந்தால் அன்று வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

"மரத்துக்கு நோகாம வெட்டணும். அதுதான் தொழில்" என்று முடித்தார்.

மகள் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். தாயின் உடையிலிருந்து வீசிய ஒட்டுப்பாலின் புளித்த வாடைக்கு அஞ்சி, பள்ளிவாயிலில் தோழியர் முன்னே தாயை விட்டு விலகி நின்ற நாள்கள் அவர் நினைவில் எழுந்தன. ஆண்டுகள் பல பழகிய இந்நண்பர்களிடமும் "அம்மா தோட்டத்தில் இருந்தார்" என்பதற்குமேல் அவர் சொன்னதில்லை. இன்று மரத்தைப் பார்க்க ஒன்றுமில்லை என்று கூறியதும் அந்தப் பழைய கூச்சமே.

அவர் எழுந்து நண்பர்களிடம் திரும்பினார். "அம்மா பதினாறு ஆண்டுகள் பால்வெட்டினார். என் முதல் பள்ளிச் சீருடையும் அந்தக் கூலியில் வாங்கியதுதான்" என்றார். குரல் சற்று நடுங்கியது. தம்மையும் தாயையும் அம்மரத்தோடு சேர்த்துப் படமெடுக்குமாறு கேட்டுக்கொண்டார்.

தாயார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உதிர்ந்து கிடந்த ரப்பர் விதையொன்றைப் பொறுக்கிக் கல்லில் பரபரவெனத் தேய்த்து, மகளின் மணிக்கட்டில் சட்டென வைத்தார். சூடு பட்டு மகள் கையை உதறிச் சிரித்தார். தோட்டத்துப் பிள்ளைகள் காலங்காலமாய் ஆடும் விளையாட்டு அது.

பூங்காவின் பொருளை வெளியே எடுத்துச் செல்லலாகாது என்பதால், விதையை மீண்டும் மரத்தடியிலேயே வைத்துவிட்டு நால்வரும் நடந்தனர். இம்முறை தாயார் முன்னே சென்றார்.