மூவா இளவலும் முடியா வழக்கும்

ஔவையார் எத்தனை பேர்? தமிழ் பயின்றோர் ஒருமுறையேனும் கேட்டுப் பார்த்த வினா இது. அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவை சங்க காலத்தவர். ஆத்திசூடி பாடிய ஔவை பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். பெயரோ ஒன்று, இடைவெளியோ நெடிது. புலமையுலகம் இருவர் என்றும் மூவர் என்றும் அதற்கு மேலும் என்றும் பிரித்து இச்சிக்கலைத் தீர்க்க முயன்றது. ஊர்ப்புறத்துக் கிழவிமார் அவ்வளவு அலைச்சலை மேற்கொள்ளவில்லை. நெல்லிக்கனியை உண்டவள் எப்படிச் சாவாள் என்று கேட்டு, ஒரே மூதாட்டியை எல்லாக் காலங்களிலும் நடக்க விட்டுவிட்டனர். சான்றுகளுக்கிடையே கிடந்த பள்ளம் ஒன்றே. அதன்மேல் இருசாராரும் இருவேறு பாலங்களைக் கட்டினர்.

இத்தகைய வழக்கொன்று, தலைநகரில் மைய அரசு எழுத்தர்களுக்கு ஒதுக்கப்படும் இரண்டறைக் குடியிருப்பாகிய எங்கள் இல்லத்தில், சில ஆண்டுகளாக நடந்து வருகிறது. வழக்குக்கு உரியவன் தமிழனும் அல்லன், இந்தியனும் அல்லன். சப்பானியர் படைத்த வீடியோ விளையாட்டொன்றில் வாழும் மிக்கெல்லா என்னும் இளவல் அவன். இலக்கிய மலரில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். எங்கள் வீட்டில் அதிகமாக வாசிக்கப்பட்டதும், வாசித்தபின் அதிகமாக வாதிக்கப்பட்டதும் அதுவே என்பதன்றி எங்களிடம் வேறு விடை இல்லை.

'எல்டன் ரிங்' என்பது அதன் பெயர். ஃபிரம் சாஃப்ட்வேர் என்னும் டோக்கியோ நிறுவனம் 2022 பிப்ரவரி 25 அன்று வெளியிட்டது. இயக்கியவர் ஹிடெடாகா மியாசாகி. அவ்வுலகின் பழங்கதையை எழுதித் தந்தவர் அமெரிக்க நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். 2024-ஆம் ஆண்டின் நடுவில் இரண்டரைக் கோடிப் பிரதிகள் விற்றிருந்தன. பெங்களூரில் இருக்கும் மைத்துனர் புதிய கருவி வாங்கியபோது பழைய பிளேஸ்டேஷன் 4 எங்கள் மகனுக்கு வந்து சேர்ந்தது. அதனுடன் இதுவும் வந்தது. அப்போது அவன் பத்தாம் வகுப்பு முடித்த விடுமுறையில் இருந்தான்.

வாளெடுத்துப் பொருவதும், மாய்வதும், மீண்டும் எழுந்து பொருவதுமே விளையாட்டின் பெரும்பகுதி. அது எங்களை ஈர்க்கவில்லை. ஈர்த்தது அது கதை சொல்லும் முறை. கதையைச் சொல்லாமல் விடும் முறை என்பது இன்னும் பொருந்தும். தொடர்ச்சியாக யாரும் எதையும் உரைப்பதில்லை. ஓர் இடிந்த கோயில், ஒரு பழைய வாள், ஒரு வாடிய மலர் கிடைக்கும். அப்பொருளைத் தெரிந்தெடுத்தால் அதுபற்றி மூன்று நான்கு வரிகள் தோன்றும். எதிர்ப்படும் மாந்தர் இரண்டொரு சொல் பேசி மறைவர். முன்பு என்ன நடந்தது, யார் யாருக்கு என்ன உறவு என்பதையெல்லாம் இத்துணுக்குகளைப் பொருத்தி விளையாடுவோனே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

எழுத்தர் பணியில் இருப்போருக்கு இது புதிய தொழிலன்று. முப்பதாண்டுப் பழைய கோப்பொன்றைத் தூசி தட்டி எடுத்தால் நடுவில் ஐந்து தாள்கள் இரா. ஓரத்தில் மேலதிகாரி ஒருவர் 'பேசுக' என்று எழுதியிருப்பார். பேசினார்களா, என்ன பேசினார்கள் என்பதற்கு எழுத்தில் சுவடே இராது. அடுத்த தாளில் முடிவு மட்டும் தலைகீழாக மாறியிருக்கும். அந்த ஒரு சொல்லுக்குள் நடந்ததை ஊகித்து வரலாற்றுச் சுருக்கம் வரைவதற்கே எங்களுக்கு ஊதியம் தருகின்றனர். மகன் ஊதியமின்றி அதனைச் செய்து வந்தான்.

இனி மிக்கெல்லா. அவ்வுலகை ஆண்ட மாரிகா என்னும் தேவி, உலக ஒழுங்கின் உருவாகிய எல்டன் ரிங்கிலிருந்து சாவைப் பிரித்தெடுத்து, அதனைக் காக்கும் பொறுப்பை மாலிகெத் என்பானிடம் ஒப்படைத்தாள். எனவே அவள் மக்களுக்குச் சாவில்லை. ஆயினும் ஒருநாள் இரவு, களவுபோன சாவின் துணுக்கொன்றால் மகன் காட்வின் கொல்லப்பட்டான். கொலையும் அரைகுறையாகவே முடிந்தது. உயிர் மாய்ந்தது, உடல் மாயவில்லை. மாரிகாவின் இரட்டைப் பிள்ளைகள் இருவர். இருவரும் சாபத்துடன் பிறந்தவர்கள். பெண் மலேனியாவின் உடல் அழுகிக்கொண்டே இருக்கும். ஆண் மிக்கெல்லா என்றென்றும் சிறுவனாகவே இருப்பான். தங்கத்தால் ஊசி செய்தும், தன் குருதியையே ஊற்றி ஒரு மரத்தை வளர்த்தும் தங்கள் சாபத்தை நீக்க முயன்றான் அவன். அம்மரத்தின் உள்ளே அவன் உறங்கியபோது, மோக் என்னும் குருதிக் கோமான் அவனைப் பெயர்த்துக் கொண்டு போனான். மோக்கின் அரண்மனையில் ஒரு கூடும், அதிலிருந்து தொங்கும் உலர்ந்த கையொன்றுமே நமக்குக் காணக் கிடைக்கும். மோக் தன் குருதிப் பள்ளியறையை எவ்வளவு பகிர முயன்றும் இளவல் விடையிறுக்கவில்லை என்கிறது ஒரு குறிப்பு. 2022-இல் கிடைத்த செய்தி இவ்வளவே.

இதனை மகன் யாரிடம் சொல்வான்? தங்கை அப்போது மிகச் சிறியவள். எங்களுக்கு அலுவலகமும் மாதக் கடைசியும். கூடத்தில் இருந்த ஒரே தொலைக்காட்சிப் பெட்டிக்கு உரிமை கொண்டாடியவர் 2021-இல் தந்தையார் மறைந்தபின் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து எங்களுடன் வந்து தங்கிய எங்கள் அன்னையார். தொடர் நாடகங்கள் முடிந்து இரவு ஒன்பதரைக்கு மேல்தான் பெட்டி பேரனுக்கு வரும். உறக்கம் வராத அன்னையார் அங்கேயே அமர்ந்திருப்பார். "செத்தவன் எத்தனை தடவைடா எந்திரிப்பான்?" என்று முதலில் கேட்டார். அவன் விளக்கத் தொடங்கினான்.

அவனுடைய தமிழ், சோறு கேட்கவும் செருப்பைத் தேடவும் போதுமான தமிழ். வாதம் என்றால் இந்தியில்தான் வரும். அப்பாயிக்கோ இந்தியில் காய்கறிக்காரனிடம் விலை கேட்பதற்கு மேல் தெரியாது. ஆகவே அவன் சொல் தேடினான். தேவகுமாரர்களைப் 'பாதி சாமி' என்றான். கூட்டுக்குச் சொல் கிடைக்காமல் 'பட்டுப் பூச்சியோட வீடு' என்றான். அவர் 'கூடு' என்று எடுத்துக் கொடுத்தார். ஊகம் சொல்லும் இடமெல்லாம் 'ஷாயத்' என்று தொடங்குவான். "அதென்ன சாயத்து? ஒருவேளைன்னு சொல்லு" என்று திருத்தினார். அதன்பின் இரவுதோறும் எங்கள் கூடத்தில் 'ஒருவேளை'யின் ஆட்சிதான். உள்ளறையில் படுத்தபடி நாங்கள் இருவரும் கேட்டிருக்கிறோம். தமிழ் வகுப்புக்கு வார இறுதியில் இரண்டு பேருந்து மாறி அழைத்துச் சென்ற காலத்தில் வாராத சொற்கள் அவை: 'ஆனாலும்', 'அப்படின்னா', 'அதுக்கு என்ன சாட்சி?'

உலகெங்கும் இவ்விளையாட்டை ஆய்வோர் அப்போது இரண்டு பெரிய ஊகங்களை வளர்த்து வந்தனர். உறக்கத்தோடு தொடர்புடைய திரினா என்னும் தூயவர் ஒருவரைப் பற்றிச் சில குறிப்புகள் உண்டு. அழகிய சிறுமி என்பர் சிலர், சிறுவன் என்பர் சிலர். திடீரென்று தோன்றுவார், மறைவார். திரினாவும் மிக்கெல்லாவும் ஒருவரே என்பது முதல் ஊகம். மலர்களின் பெயர்களை ஒப்பிட்டு அதனை நிறுவினர். மோக் செய்தது உண்மையிலேயே கடத்தல்தானா என்பது இரண்டாவது. 'மயக்கும் கிளை' என்றொரு சிறு பொருள் விளையாட்டில் உண்டு. பகைவரைத் தற்காலிகமாக நண்பராக்குவது. பலராலும் நேசிக்கப்படும் மிக்கெல்லா, அந்நேசத்தை வற்புறுத்திப் பெறவும் நன்கு கற்றவன் என்ற கருத்து அதன் குறிப்பில் வருகிறது. பெரும்பாலோர் அதனைக் கடந்து போயினர். பிஞ்சுப் பிள்ளை, கொடியவனால் தூக்கிச் செல்லப்பட்டான் என்பதே பொதுவாக நிலைபெற்ற கதை. எங்கள் மகனும் அந்தக் கட்சியே.

அக்குறிப்பை அவன் தமிழில் பெயர்த்துச் சொன்னபோது அன்னையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தூக்கிட்டுப் போனான்னு யாருப்பா பாத்தது? பச்சப்புள்ள கூப்பிட்டா யாரும் போவாங்க. அந்தப் புள்ளதான் அவனை வரவழைச்சிருக்கும்" என்றார். அவன் ஒப்பவில்லை. ஒருவார காலம் வழக்கு நடந்தது.

அவர் விடையொன்றும் எழுத்துச் சான்றின்மேல் எழுந்ததன்று. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டவர் அவர். என்றும் பதினாறாக நின்ற மார்க்கண்டேயனின் கதை அவருக்குத் தலபுராணம் மட்டுமன்று, சொந்த மாவட்டத்துச் செய்தி. அக்கதை குறித்தே அவருக்கொரு வினா இருந்தது. "எமன் திரும்பிப் போயிட்டான், சரி. பெத்தவ என்ன ஆனா? அவளுக்குத் தல நரைச்சிருக்கும், கண்ணு தெரியாம போயிருக்கும். புள்ள அப்படியே பதினாறாவே நிக்குமே?" மிருகண்டு முனிவரின் மனைவி மூப்படைந்ததைப் பற்றிச் சொன்னவர் எவரையும் நாங்கள் அறியோம். பேரன் அதற்கு உரிய குறிப்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டான், தெய்வக் கதைக்கும் பொருட்குறிப்பு இருக்கும் என்பதுபோல.

மியாசாகி இளமையில் வறிய குடும்பத்தில் வளர்ந்தவர். நூலகத்துக் கதைநூல்களில் தம் வாசிப்புத் திறனுக்கு மேற்பட்டவற்றையும் எடுத்து வந்து, விளங்காத பகுதிகளைத் தம் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகப் பேட்டிகளில் கூறியிருக்கிறார். தம் விளையாட்டுகளில் பள்ளங்களை அவர் வேண்டுமென்றே விட்டுவைப்பதன் வேர் அங்கே இருக்கிறது. புலம்பெயர்ந்த வீடுகளில் தாய்மொழியைக் குழந்தைகள் அறிவதும் ஏறத்தாழ அவ்வாறே. பாதிச் சொல் விளங்கும். மீதியைத் தாமே இட்டு நிரப்புவர். இது குறை என்று சங்கக் கூட்டங்களில் ஆண்டுதோறும் கவலை தெரிவிக்கப்படுகிறது. கவலை நியாயமானதே. எனினும் அப்பள்ளத்தின் ஓரத்தில் அமர்ந்து இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்ததை நாங்கள் கேட்டிருக்கிறோம்.

2023 பிப்ரவரி இறுதியில் விளையாட்டுக்கு விரிவுப் பகுதி ஒன்று வருமென அறிவிப்பு வந்தது. படத்தில் பொன்முடி கொண்ட ஓர் உருவம், குதிரைபோன்ற விலங்கின் மேல். முகம் தெரியவில்லை. மிக்கெல்லாதான் என்று மகன் அப்பாயியிடம் காட்டினான். "வளந்துட்டானா?" என்பதே அவர் கேட்ட ஒரே கேள்வி. அப்பகுதி வெளிவருமுன், 2024 தை மாதத்தில், அன்னையார் எங்களை விட்டுப் பிரிந்தார். மகன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதவிருந்த வேளை. அவரை ஊருக்குக் கொண்டு சென்று, காரியங்களை முடித்துத் திரும்பினோம்.

விரிவுப் பகுதி 2024 சூன் 21 அன்று வந்தது. ஒரு நள்ளிரவுக்குப் பின் மகன் எங்கள் அறைக்கதவைத் தட்டினான். "அப்பாயி சொன்னதுதான் சரி" என்றான். மோக்கிடம் ஊழியம் செய்த முதியவர் ஒருவர் அதில் வருகிறார். தம் தலைவன் மிக்கெல்லாவால் மயக்கப்பட்டவன் என்பதை அவர் வாயிலாகவே அறிகிறோம். கடத்தப்பட்டவன் இளவல் அல்லன், அவனே வரவழைத்தவன். தேவனாகும் பொருட்டு அவன் தன் உடலின் பகுதிகளையும், ஐயங்களையும், இறுதியில் அன்பையும் ஓரோர் இடத்தில் கழற்றி எறிந்துவிட்டுச் செல்கிறான். எறியப்பட்ட அன்பே திரினா. அவனைக் கொன்றுவிடுமாறு நம்மிடம் வேண்டுபவளும் அவளே. தேவநிலை அவனுக்குச் சிறையாகும் என்பது அவள் அச்சம்.

ஊகங்கள் இரண்டும் இவ்வாறு தீர்ப்புப் பெற்றன. ஆய்வோர் மகிழ்ந்தனரா என்றால், பாதிப்பேர் இல்லை. துணைவனாக மிக்கெல்லா தேர்ந்தவன் ரடான் என்னும் போர்வீரன். அதுவும் மோக்கின் உடலில் அவன் உயிரைப் புகுத்தி. இதற்கு முன்னர்ச் சான்று போதவில்லை என்று பலர் சினந்தனர். சிலர் சப்பானிய மூலத்தையும் ஆங்கிலப் பெயர்ப்பையும் அருகருகே வைத்து, பாடபேதம் தேடி, தீர்ப்புக்கு மேல்முறையீடு செய்து வருகின்றனர். எங்களுக்கு ரடான் பொருட்டன்று. அன்னையார் சொன்னது சரியென்று தெரிந்த இரவில், அதைச் சொல்ல ஆளில்லாமல் மகன் எங்கள் கட்டிலின் ஓரத்தில் விடியும்வரை அமர்ந்திருந்தான். நாங்களும் விளக்கை அணைக்கவில்லை. மார்க்கண்டேயனின் தாயைப் பற்றி அப்பாயி என்ன முடிவுக்கு வந்தார் என்று கேட்டான். முடிவு எதையும் அவர் சொன்னதில்லை.

இப்போது அவன் வெளியூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் பயில்கிறான். பிளேஸ்டேஷன் தங்கைக்கு உரியதாயிற்று. ஞாயிறு மாலை தொலைபேசியில் இருவரும் வாதிடுவது மெலினாவைப் பற்றி. இடக்கண்ணை மூடியே வாழும் பெண் அவள். விளையாட்டின் முடிவுகளுள் ஒன்றில் மட்டும் அக்கண்ணைத் திறக்கிறாள். அந்திநிறக் கண்ணுடைய அரசி ஒருத்தி முன்னொரு காலத்தில் மாலிகெத்தால் வெல்லப்பட்டாள் என்று பழங்குறிப்பு உண்டு. மெலினாவே அவ்வரசி என்பது அண்ணன் கட்சி. அரசியாக இருக்க முடியாது, ஒருவேளை மகளாக இருக்கலாம் என்பது தங்கை கட்சி. 2024-இன் விரிவுப் பகுதி இதற்கு விடை தரவில்லை. "என்ன சாட்சி?" என்று அவன் கேட்கிறான். அவள் பொருட்குறிப்பு எதையும் காட்டுவதில்லை. அப்பாயி இருந்திருந்தால் நம் பக்கம்தான் பேசியிருப்பார் என்கிறாள். அதனை அவன் சான்றாக ஏற்க மறுக்கிறான்.