கருவிகளுக்கும் ஒரே பாதை வேண்டும்

காட்பாடியில் முன்னாளில் அகலப்பாதையும் மீட்டர் பாதையும் சந்தித்தன. ஒன்றின் அகலம் 1676 மில்லிமீட்டர். மற்றதன் அகலம் 1000. சென்னையிலிருந்து வந்த சரக்கு சித்தூருக்கோ பாகாலாவுக்கோ செல்ல வேண்டுமாயின், மூட்டை மூட்டையாக இறக்கி வேறு வண்டியில் ஏற்றியாக வேண்டும். சுமைகூலியும் கிழிந்த மூட்டையின் நட்டமும் வணிகர் தலையில் விழுந்தனவென்று எங்கள் அலுவலகத்து மூத்த எழுத்தர்கள் கதைகதையாகக் கூறுவதுண்டு.

இக்காலத்துக் கல்லூரிக் கட்டடங்களிலும் அதே தொல்லைதான். தொட்டியின் நீர்மட்டம், மின்செலவு, அறைக் காற்றின் தூய்மை ஆகியவற்றை உணர்கருவிகள் அளந்து கணினிக்கு அனுப்புகின்றன. ஆயின் ஒரு நிறுவனத்தின் கருவி பேசுவது மற்றதற்கு விளங்குவதில்லை. என் தங்கை மகன் பயிலும் விடுதியில், கருவி விற்றவர் கடையை மூடவே, நீர்மானிகள் யாவும் ஊமையாயின. தொட்டி நிரம்பி வழிந்தாலும் கேட்பாரில்லை. கோடையில் குடமேந்தி நிற்கும் நம் சித்தூர்ப் பெண்களை எண்ணினால் வயிறு எரிகிறது.

ஐதராபாத் கச்சிபௌலியிலுள்ள ஐ.ஐ.ஐ.டி. கழகத்தார் இதற்கு வழி கண்டுள்ளனர். வளாகமெங்கும் நிறுவிய பலவகைக் கருவிகளின் செய்திகளை ‘ஒன் எம் டு எம்’ என்னும் பொதுநெறியில் ஒருங்கே திரட்டுகின்றனர். 2012இல் தோன்றிய உலகக் கூட்டமைப்பு வகுத்த அந்நெறியை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். 2020இல் நம் நாட்டுத் தொலைத்தொடர்புப் பொறியியல் மையமும் அதனைத் தேசிய நெறியாக ஏற்றது.

பிள்ளைகளைச் சேர்க்கச் செல்லும் பெற்றோர், நூலகம் உண்டா என வினவுவதுபோல், கருவிகள் எந்நெறியில் வாங்கப்பட்டன என்றும் வினவலாம். கட்டணம் செலுத்துவோர் நாமன்றோ?