மலை ஓடையில் தடுமாறும் ஜி.பி.எஸ்!

சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் நின்று செல்போனில் மேப்பைத் திறந்தால், நிற்கும் இடத்தை நீலப்புள்ளி ஏறக்குறையச் சரியாகக் காட்டும். மேலே திறந்த வானம். அதே போன், செங்குத்தான மலை ஓடைக்குள் போனால் தடுமாறும்.

'ஜியோகேச்சிங்' ஆடுபவர்களுக்கு அதுதான் சவால். ஒருவர் ஒளித்துவைத்த டப்பாவை, அவர் தரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொண்டு மற்றவர்கள் தேட வேண்டும். கிடைத்ததும் உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, அங்கேயே வைத்துவிட வேண்டும். பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ் துல்லியத்தைக் குறைத்துவைத்திருந்த கட்டுப்பாட்டை, 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கா நீக்கியது. மே 3-ம் தேதியே ஓரிகன் மாநிலத்தில் முதல் டப்பா ஒளிக்கப்பட்டது.

பாதையின் கடினத்துக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. வழுக்குப் பாறைகள் நிறைந்த ஓடை என்றால் எண் எகிறும். இருபுறப் பாறைச்சுவர்கள் வானத்தை மறைப்பதால், சில செயற்கைக்கோள்களின் சிக்னல் வராது. சில, பாறையில் பட்டுத் தாமதமாக வரும். அந்தத் தாமதத்தைப் போன் தூரமாகக் கணக்கிட, புள்ளி பல மீட்டர் விலகிவிடும்.

அங்கே புள்ளியைத் துரத்தினால் கால் பாறை விளிம்பில் போய் நிற்கலாம். அதனால், இடம் நெருங்கியதும் போனைப் பைக்குள் வைத்துவிட்டு, பாறையிடுக்கு, மரப்பொந்து என்று கண்ணால் தேடுவதே நல்லது. மலைமேல் மேகம் கறுத்தால் டப்பா பத்தடியில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். ஓடையில் வெள்ளம் சொல்லிக்கொண்டு வராது.

ஏறிப் பழக, சதுரங்கப்பட்டினத்துக்காரர்களுக்கு மேற்கே திருக்கழுக்குன்றம் மலைப்படிகள் இருக்கின்றன. ஊரிலுள்ள டச்சுக் கோட்டையில் மட்டும் டப்பா ஒளிக்க நினைக்காதீர்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம்!