கேமரன் மலைச் செடிகள் சொல்லும் பாடம்

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் செல்லும் மலைச்சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வளைவுகள் தலையைச் சுற்ற வைக்கும். கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருப்பது நல்லது. ரிங்லெட்டைத் தாண்டிக் குளிர்காற்று முகத்தில் பட்டதும் பட்ட பாடெல்லாம் மறந்து போகும்.

1885-இல் நிலம் அளக்க வந்த வில்லியம் கேமரன் பெயரால் இம்மலை விளங்குகிறது. 1929-இல் ரஸ்ஸல் என்பவர் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இம்மலைத் தேயிலையில் நம்மவர் உழைப்பும் கலந்திருக்கிறது.

சரிவுகளில் தேயிலை பச்சைப் பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்கும். சில இடங்களில் மட்டும் வெறுங்குச்சிகள் நிற்கும். ஒருமுறை மாணவர்களை அழைத்துச் சென்றபோது, "செடியெல்லாம் செத்துப் போச்சா, சார்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். சாகவில்லை, கவாத்து செய்திருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலையை இப்படி வெட்டுவது வழக்கம். ஆனால் வேரில் மாவுச்சத்து சேர்ந்திருக்கும்போதுதான் வெட்ட வேண்டும். வேர் வெறுமையாக இருக்கும்போது வெட்டினால் செடி தழைக்காது, பட்டுப்போவதும் உண்டு.

வீட்டு வாசலில் பூச்செடி வளர்ப்போருக்கும் இதுவே பாடம். இலை சம்பாதிக்கிறது, கிழங்கும் வேரும் அதன் சேமநிதி. பூ உதிர்ந்ததும் 'அழகாயில்லை' என்று பச்சை இலையை வெட்டினால், அடுத்த பூவுக்கான சேமிப்பையே வெட்டியவர்களாவோம்.

குளிர்நாட்டுப் புத்தகங்கள் இலையுதிர்காலத்தில் வெட்டச் சொல்லும். நமக்கோ பனிக்காலம் இல்லை. ஆகவே நாள்காட்டியைப் பாராமல் இலையைப் பாருங்கள்.

மலையில் வளரும் அகபாந்தஸில் பூ முடிந்த தண்டையும் மஞ்சளான இலையையும் மட்டும் நீக்கினால் போதும். கிளேடியோலஸ் இலை தானே பழுத்துக் காயும்வரை காத்திருக்க வேண்டும். ஹைட்ரேஞ்சியாவைப் பூ வாடியவுடன், பூவுக்குக் கீழே தடித்த மொட்டுகளுக்குச் சற்று மேலே வெட்டலாம். தாமதித்து வெட்டினால் அடுத்த முறை மலரவேண்டிய அரும்புகளும் போய்விடும்.

நம் லயத்து வாசலில் நிற்கும் கல்வாழையில், பூத்து ஓய்ந்த தண்டை அடியோடு வெட்டலாம். பக்கத்தில் எழும் இளங்குருத்துகளைத் தொடாதீர்கள். செம்பருத்தி புதுத் தளிரில் பூப்பதால் தாராளமாகக் கிளை நறுக்கலாம். ஆயினும் ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. பாட்டி நட்ட கல்வாழையில் ஒரு கிழங்கைப் பெயர்த்துக் கொண்டு போனவர்களும் அவர்களில் உண்டு. இரண்டு மூன்று முளைக்கண்ணோடு, நன்றாக இலை விட்டு ஊறிய கிழங்கானால் புது மண்ணிலும் அது பிழைத்துக்கொள்ளும். எனவே, தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவு செய்யும் வேகத்தில் பாராங்கத்தியைப் பூச்செடிப் பக்கம் கொண்டு போகுமுன், இலை பச்சையா மஞ்சளா என்று ஒரு கணம் பார்த்துவிடுங்கள்.