பம்ப்பைக் கூட்டினா வண்டி இழுக்குமா?

கரும்பு வெட்டு ஆரம்பிச்சுட்டா எங்க ஊர் டீக்கடையில அரசியல் பேச்சு குறைஞ்சிரும். எந்த டிராக்டர் எத்தனை டன் இழுத்துச்சு, எது மேட்டுல திணறி நின்னுச்சு, இதுதான் நாள் முழுக்க.

என் தங்கச்சி மகன் கடன் வாங்கி ஒரு பழைய டிராக்டர் எடுத்து ஆலைக்குக் கரும்பு லோடு அடிக்கிறான். மூணு சிலிண்டர், 45 குதிரைசக்தி. போன மாசம் ஒருநாள் சாயந்திரம் வந்து போன்ல ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காவுல டீசல் பிக்கப் லாரிகள் ஒரு பெரிய பாரவண்டியை இழுக்கிற போட்டி. இழுக்க இழுக்க அந்த எடைப் பெட்டி முன்னாடி நகர்ந்து வருது, பாரம் ஏறிக்கிட்டே போகுது. லாரி கரும்புகையைக் கக்கிட்டு உறுமுது.

"மாமா, இவனுக எல்லாம் பம்ப்பைத்தான் மாத்துறானுங்க. நம்ம வண்டியிலயும் பம்ப்பைக் கூட்டிட்டா அந்த வாய்க்கா மேடு ஒரு மேடாங்க?"

பம்ப்புன்னதும் உங்களுக்குக் கிணத்து மோட்டார் ஞாபகம் வரலாம். இது டீசல் பம்ப். டீசல் எஞ்சின்ல பிளக் கிடையாது. காத்தை அமுக்கினா அது சூடாகும். அந்தச் சூட்டுல சரியான நொடியில டீசலைப் பீய்ச்சணும், தானா பத்திக்கும். பீய்ச்சறது நாசில், அழுத்திக் கொடுக்கிறது பம்ப். லாரி டயர்ல இருக்கிற அழுத்தம் சுமார் 8 பார். பழைய டிராக்டர் நாசில் திறக்கவே 200 பார் அளவுக்கு வேணும். எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுத்து சுத்தினா ஒவ்வொரு சிலிண்டருக்கும் 1,000 தடவை டீசல் போகணும். முழுப் பாரத்துல ஒரு தடவைக்குப் போறது ஏறக்குறைய ஒரு சொட்டு. அந்தச் சொட்டைத் தப்பாம அளந்து கொடுக்கிறதுதான் பம்ப்போட வேலை.

ஜெர்மனியில பாஷ் கம்பெனி 1927-ல இந்தப் பம்ப்பை வரிசையா தயாரிக்க ஆரம்பிச்சது. இங்க 1951-ல மைக்கோ வந்துச்சு. 2008-ல அதுவும் பாஷ்னு பேர் மாத்திக்கிச்சு. ஆனா எங்க மெக்கானிக்குகளுக்கு இன்னைக்கும் அது மைக்கோ பம்ப்தான்.

மாப்பிள்ளை சொன்னதுல பாதி நிஜம். அமெரிக்காக்காரங்க தேடித்தேடி வாங்குறது 1994-லிருந்து 1998 வரை வந்த டாட்ஜ் ராம் வண்டி. 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின், ஆறு சிலிண்டர். அதுல இருக்கிற பி-7100 பம்ப், நம்ம டிராக்டர் பம்ப்புக்குப் பெரியப்பன் மாதிரி, ஒரே வம்சம். கம்பெனியிலிருந்து வரும்போது அந்த வண்டிக்கு வருஷத்தைப் பொறுத்து 160-லிருந்து 215 குதிரைசக்தி. பம்ப்புக்குள்ள டீசல் அளவைக் கட்டிப்போட ஒரு சின்னத் தகடு இருக்கு. அதை மாத்தி, கவர்னர் ஸ்பிரிங்கையும் மாத்தினா டீசல் கொட்டும். இவ்வளவுதான் மாப்பிள்ளை வீடியோவுல பார்த்தது.

வீடியோவுல வராத மீதிப் பாதி ஒண்ணு இருக்கு. டாங்கியிலிருந்து பெரிய பம்ப்புக்கு டீசலைத் தள்ளிக் கொடுக்கிற சின்னப் பம்ப்பை முதல்ல பெருசாக்கணும். அது தள்ளினாத்தான் பெரிய பம்ப்புக்குச் சாப்பாடு. 1998-க்கு அப்புறம் 2002 வரை வந்த வண்டிகள்ல, சின்னப் பம்ப் பலம் குறைஞ்சு பெரிய பம்ப் செத்துப்போறது அங்க ஊரறிஞ்ச கதை. ஏன்னா அந்தப் பெரிய பம்ப்பைக் குளிர வைக்கிறதும், தேயாம வழுவழுன்னு ஓட்டுறதும் அதுக்குள்ள ஓடுற டீசல்தான்.

அடுத்தது காத்து. ஒரு கிலோ டீசல் முழுசா எரியறதுக்கே பதினாலரை கிலோ காத்து வேணும். நிஜத்துல அதைவிடக் கூடவே தேவைப்படும். அதனால பெரிய டர்போ மாட்டுவாங்க. டர்போ இல்லாத நம்ம டிராக்டர் அது இழுக்கிற காத்தைத்தான் இழுக்கும். டீசலை மட்டும் கூட்டினா எரியாத மிச்சம் கரும்புகையாப் போகும். சூடு ஏறும். பிஸ்டன் அலுமினியக் கலவை. சுத்த அலுமினியம் 660 டிகிரியில உருகிடும். அதனாலதான் அங்க புகைக்குழாய்ச் சூட்டைப் பார்க்கத் தனி மீட்டர் வெச்சுக்கிட்டு ஓட்டுறாங்க. இதுக்கு மேல கிளட்ச், ஹெட் போல்ட்டுனு செலவு நீளும்.

இதையெல்லாம் சொல்லி முடிச்சதும் அவன் கேட்டது ஒரே கேள்வி. "அப்ப முந்தி ஏறுன மேட்டுல இப்ப ஏன் மாமா ஏற மாட்டீங்குது?"

நியாயமான கேள்வி. ரெண்டு பேரும் பம்ப்பைக் கழட்டிக்கிட்டு டவுனுக்குப் போனோம். கடைக்காரர் பம்ப்பை டெஸ்ட் பெஞ்சுல ஏத்தினார். ஒவ்வொரு வாயிலிருந்தும் வர்ற டீசல் ஒவ்வொரு கண்ணாடிக் குழாயில விழுந்துச்சு. மூணும் மூணு மட்டம். எலிமெண்ட் ஒண்ணு தேய்ஞ்சிருந்துச்சு. சின்னப் பம்ப் சரியாத் தள்ளலை. டீசல் ஃபில்டர் சேறு. கரும்புக்காட்டுப் புழுதியெல்லாம் ஏர் கிளீனர் எண்ணெயில களிமண்ணா உக்காந்திருந்துச்சு. கூட்டறது எங்க, கொடுக்க வேண்டியதையே அது பாவம் கொடுக்க முடியாம நின்னிருக்கு. கெட்டதை மாத்தி, மூணு மட்டத்தையும் கம்பெனி அளவுக்குச் சமமாக்கி, அளவுத் திருகு மேல ஈயச் சீல் வெச்சுக் கொடுத்தார்.

வண்டி மேடு ஏறுது. புகையும் இல்லை. கதை இங்க முடிஞ்சிருந்தா நானும் சந்தோஷமா தோட்டத்து வேலையைப் பார்த்திருப்பேன்.

பத்து நாள்ல திரும்ப வந்தான். "இன்னும் ரெண்டு டன் ஏத்தணும் மாமா. சீலை உடைச்சுக் கொஞ்சம் கூட்டிக்கிட்டா என்னங்க?"

எங்க பக்கம் வாடகை டன் கணக்கு. நடைக் கணக்கு இல்லை. டீசல் விலை ஏறுது, தவணை தேதி தவறாம வருது. கூடக் கொஞ்சம் மிச்சம் பார்க்க அவனுக்குத் தெரிஞ்ச ஒரே வழி டிரெய்லர்ல இன்னும் ரெண்டு வரிசை கரும்பு. பம்ப்போட திருகைத் திருப்பச் சொல்றது அவன் கை இல்லை, அந்த வாடகை.

நான் கேட்டேன், "ஏறிருவே மாப்ளே, எறங்குறப்ப?"

வாய்க்கா மேட்டுக்கு அந்தப் பக்கம் நேரா இறக்கம். அது முடியற இடத்துல பள்ளிக்கூடப் பிள்ளைக பஸ்ஸுக்கு நிப்பாங்க. டிராக்டருக்குப் பிரேக்கு பின் சக்கரத்துல மட்டும். அவன் டிரெய்லருக்குப் பிரேக்கே கிடையாது. மொத்தப் பாரமும் பின்னாலிருந்து தள்ளும். இழுக்கற பலத்தைத் திருகுல கூட்டலாம். நிறுத்தற பலத்தைக் கூட்ட அந்த வண்டியில எந்தத் திருகும் இல்லை.

அவன் பதில் பேசலை. செருப்பைத் தேய்ச்சுக்கிட்டே உக்காந்திருந்தான். அப்புறம் எழுந்து போயிட்டான்.

நீங்க எங்க பக்கம் கார்ல வந்தா, மேட்டுல ஊர்ந்து போற கரும்பு டிராக்டருக்குப் பின்னால ஹாரன் அடிக்காதீங்க, ஒட்டியும் வராதீங்க. அது மெதுவாப் போகுதுன்னா, அதை ஓட்டுறவன் ஏதோ ஒரு காசை விட்டுக்கொடுத்துட்டுப் போறான்னு வெச்சுக்குங்க.

மாப்பிள்ளை ரெண்டு டன் கூட்டலை. இந்த மாசத் தவணையில விழுந்த துண்டை நான் போட்டுக் கட்டினேன். ஆலை ஓட்டம் முடிய இன்னும் மூணு மாசம் இருக்கு.