மெழுகு திருத்தும் கோடு

படம் வரையத் தெரிந்தவர் தன் படத்தைப் பொருளாக்குவது இன்று கோலாலம்பூரில் மிகச் சுலபம். அச்சுக்கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் போதும், குவளை, துணிப்பை, தலையணை உறை என்று எதன்மேல் கேட்டாலும் ஏற்றித் தந்துவிடுவார்கள். பிரிக்பீல்ட்ஸின் தீபாவளிக் கடைகளிலும், கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவிலும், 1888இல் ஈரச்சந்தையாகத் தொடங்கி இன்று கைவினைக் கடைகளுக்குப் பெயர்போன சென்ட்ரல் மார்க்கெட்டிலும் இப்படி வந்த சரக்கு நிறைய உண்டு. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நல்ல படம் நாலு பேர் வீட்டுக்குப் போய்ச் சேர அதுவும் ஒரு வழி. ஆனால் அதற்குக் ‘கைவினை’ என்று சீட்டு ஒட்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. கையால் ஆனது படம் மட்டுமே. குவளையில் கைவேலை எதுவும் இல்லை. படம் பொருளாகும்போது அந்தப் பொருள் படத்தை மாற்றியிருக்க வேண்டும். ஒரு கோடுகூட மாறாமல் வந்து சேர்ந்திருந்தால் நடுவில் கைக்கு வேலையே இருந்திருக்காது. இதுதான் என் கட்சி. இதற்குச் சாட்சி சொல்ல, இந்த நாட்டில் பாத்திக்கைவிடப் பொருத்தமான தொழில் வேறில்லை.

தாளில் வரைபவர் கறுப்பு மையில் கோடு போட்டுப் பழகியவர். பாத்திக் துணியில் அதே கோடு வெள்ளையாகிவிடும். பாரஃபினும் டாமர் பிசினும் சேர்த்து உருக்கிய மெழுகை, சந்திங் என்ற சின்னச் செம்புக் குழாயில் மொண்டு, சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிமேல் ஓட்டுகிறோம். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. கடைசியில் கொதிநீரில் மெழுகு உருகிப் போனதும், துணியின் சொந்த நிறமே கோடாக எஞ்சுகிறது. மெழுகு அதிகம் சூடேறினால் கோடு பரந்து தடித்துவிடும். சூடு குறைந்தால் துணியின் மேலோடு நின்றுவிடும், சாயம் அடிவழியாகக் கசியும். இரண்டுக்கும் நடுவே கை சீரான வேகத்தில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். யோசிக்க நின்றால் நின்ற இடத்தில் சொட்டு விழும். இதைவிடப் பெரிய நிபந்தனை ஒன்று உண்டு: ஒவ்வொரு கோடும் மூடிய கோடாக இருக்க வேண்டும். மயிரிழை திறந்திருந்தாலும் பச்சை போய் மஞ்சளுக்குள் பாயும். அதனால் பேனாக்காரரின் பாதி வித்தை இங்கே செல்லாது. பால் மரம் வெட்டும் பெண்ணின் சேலை மடிப்பைத் தாளில் குறுக்குக் கோடுகளால் நிழல் கட்டிக் காட்டியிருப்போம். அதை அப்படியே மெழுகில் இழுத்தால் சேலை முழுவதும் வெள்ளைக் கீறலாகத்தான் வரும். நிழலைக் கோட்டிலிருந்து பிடுங்கி நிறத்திடம் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. மடிப்பை முதலில் தண்ணீரால் நனைத்து, ஒரு ஓரத்தில் கரும்பச்சையை வைத்து, மறு ஓரத்துக்குத் தூரிகையால் வெளுக்க விடுகிறோம். சாயம் எங்கே நிற்கும் என்பதில் துணிக்கும் ஒரு சொல் உண்டு. பிறகு சோடியம் சிலிக்கேட் பூசி, நிறம் பிடிக்கும்வரை மணிக்கணக்கில் காத்திருந்துதான் அலச வேண்டும். இவ்வளவும் முடிந்து வரும் பெண் தாளில் இருந்த பெண் இல்லை. பெரும்பாலும் அவளைவிடத் தெளிவாக இருக்கிறாள்.

மற்றக் கைவினைகளிலும் இதே கதைதான், நிபந்தனை மட்டும் வேறு. லினோ அச்சில் இடது வலதாகும். தமிழ் எழுத்தைச் செதுக்கினால் சுழிகளுக்குள் நிற்கும் சின்னத் துண்டுகள் உதிர்ந்துவிடக்கூடும். மரத் தகட்டில் ஒரு முகத்தைக் குடைந்து காதணி செய்தால், எதோடும் ஒட்டாத கண்மணி கீழே விழுந்துவிடும். அதைப் புருவத்தோடு இணைக்கும் வழியை வரையும்போதே யோசித்தாக வேண்டும். தீபாவளிக்குப் பேரங்காடிகளில் வண்ண அரிசிக் கோலம் போடுபவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. அரிசிமணியைவிட மெல்லிய கோடு அங்கே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். மயிலின் தோகையை அதற்கேற்பவே விரிக்கிறார்கள்.

இவ்வளவு மாற்றினால் அது வரைந்தவரின் படமாக இருக்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். படத்தின் உயிர் எதில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது பதில். தலையின் சாய்வு, இரு உருவங்களுக்கு நடுவே விட்ட இடைவெளி, எதை விடுவது என்ற முடிவு, இவையெல்லாம் மெழுகுக்கும் மரத்துக்கும் தப்பி நிற்கும். தப்பாதவை பெரும்பாலும் பேனாவின் பழக்கங்களே. பொருளுக்கு மாற்றும்போது அவை கழன்றுபோவதால் எனக்கு நஷ்டம் எதுவும் தெரியவில்லை.

இன்னொரு தரப்பு இருக்கிறது: பைக்கும் சால்வைக்கும் வரைய ஆரம்பித்தால் ஓவியன் கெட்டுப்போவான் என்பார்கள். சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் உருவான சோழமண்டல ஓவியர் கிராமம் இதற்கு நேர்ப்பதில். அங்கே நிலம் வாங்கப் பணம் தந்தவற்றில் ஓவியர்கள் செய்து விற்ற பாத்திக் துணிகளும் உண்டு. பிழைப்புக்குக் கைவினை, மற்ற நேரத்தில் யாருக்கும் அடங்காத ஓவியம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கைக்கூட நான் முழுதாக ஏற்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் அத்தனை உயரமான சுவர் எழுப்ப முடியாது. அதே சென்னை வட்டத்தின் பி.வி. ஜானகிராம், அடித்த செம்புத் தகட்டின்மேல் கோட்டு வேலை செய்து சிற்பம் படைத்தார். பட்டறையின் உத்திதான் அங்கே கலையாயிற்று. நம் பக்கத்தில் பினாங்கின் சுவா தியன் தெங் 1950களில் கைலித் துணியின் மெழுகையும் சாயத்தையும் எடுத்து முழு ஓவிய ஊடகமாக்கினார். அந்தத் துணி ஓவியங்கள் பிறகு யுனிசெஃப் வாழ்த்து அட்டைகளாகவும் அச்சாயின. தொழில் கலைக்குப் போய், கலை மறுபடி அட்டைக்கு வந்தது, யாரும் கெட்டுப்போகவில்லை.

விலைதான் உண்மையில் கடினமான கேள்வி. ஆலையில் அச்சடித்த சால்வையோடு கைச்சால்வை விலையில் மோத முடியாது; மோதவும் கூடாது. சிலர் இதற்கு வழியாகப் படத்தை மட்டும் வரைந்து கிளந்தானிலோ திரங்கானுவிலோ உள்ள பாத்திக் பட்டறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதில் தவறில்லை, வரைந்தவரே மெழுகு பிடிக்க வேண்டும் என்று சட்டமில்லை. ஆனால் மெழுகே அறியாமல் வரைந்த படத்தை அங்கே ஒருவர் சத்தமில்லாமல் திருத்துகிறார்: திறந்த கோட்டை மூடுகிறார், நெருக்கத்தைக் குறைக்கிறார், நிழலை நிறமாக்குகிறார். பாதி ஓவியம் அவருடையது. அவர் பெயர் சீட்டில் வருவதில்லை என்பது இந்தத் தொழிலின் பழைய அநியாயம். புதிதாக வருகிற ஓவியர்களாவது அதைத் தொடராமல் இருக்கலாம்.

வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த தீபாவளிக்குப் பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தனில் ‘கைவினை பாத்திக்’ என்று யாராவது நீட்டினால் துணியைத் திருப்பிப் பாருங்கள். கையால் மெழுகிட்டதில் சாயம் ஊறி இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் இருக்கும். மேலோட்டமாக அச்சடித்ததில் பின்பக்கம் வெளிறியிருக்கும். வெளிறியிருந்தாலும் படம் பிடித்திருந்தால் வாங்குங்கள், அச்சுத் துணிக்கு உரிய விலையில்.