கர்ணனின் கட்டை

கூத்தில் ‘கட்டை’ என்ற சொல்லுக்கு வெறும் மரம் என்று பொருளில்லை. தலைக் கிரீடம், தோளில் புஜக்கட்டை, நெஞ்சில் மார்புப்பதக்கம் என்று அரச வேடக்காரர் பூணும் மர அணிகள் எல்லாம் சேர்ந்தது அது. அவற்றைப் பூண்டு ஆடுவது கட்டை வேஷம். காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஆட்டத்துக்கே அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். 1990இல் பெருங்கட்டூர் ராஜகோபால் உள்ளிட்ட கலைஞர்கள் தொடங்கிய அமைப்பும் கட்டைக்கூத்துச் சங்கம்தான். தெருக்கூத்தா கட்டைக்கூத்தா என்ற பெயர்ச்சண்டைக்குள் நான் போகப் போவதில்லை. ந. முத்துசாமி வழியாகப் புரிசையை அறிந்து கூத்துக்கு வந்த என் தலைமுறைக்கு இரண்டுமே ஒன்றுதான்.

வாலாஜாபாத்தில் என் தங்கை வீட்டு மாடியறையில் இப்போது ஒரு கர்ணன் தயாராகிக்கொண்டிருக்கிறான், மரத்தில் அல்ல, ஃபோமில். தங்கை மகனுக்கு ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் பெயின்ட் பிரிவில் ஒப்பந்த வேலை. 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சென்னையின் முதல் காமிக் கான் நடந்தபோது நண்பர்களோடு போய்வந்தான். ஜப்பானியக் கார்ட்டூன் வீரர்களும் அமெரிக்க இரும்பு மனிதர்களும் கவசம் தரித்து நடமாடிய கூட்டத்தில் கர்ணன் ஏன் இல்லை என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. காஸ்ப்ளே என்கிற அந்த வேடம் புனையும் பழக்கத்தை நான் சற்று இளக்காரமாகத்தான் பார்த்துவந்தேன். ஆனால் கவசத்தோடு பிறந்து, கேட்டவனுக்கு அதை அறுத்துக் கொடுத்த ஒருவனை அவன் தேர்ந்தெடுத்தது எனக்குப் பிடித்திருந்தது.

வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். செருப்பு அடிப்பாகத்துக்குப் பயன்படும் ஈ.வி.ஏ. ஃபோம்தான் மூலப்பொருள். பத்து மில்லிமீட்டர் தகட்டை வெட்டி, ரப்பர் பசையால் ஒட்டி, வெப்பக்காற்றுத் துப்பாக்கியை மேலே ஓட்டுகிறான். மங்கலாக இருந்த மேற்பரப்பு சில நொடிகளில் இறுகி மினுமினுக்கிறது. கத்தி பட்ட விளிம்புகளில் நுரையின் கண்ணறைகள் திறந்து கிடக்கும். அவற்றை அடைக்காமல் வண்ணம் பூசினால் பாதியை ஃபோம் குடித்துவிடும், மீதி திட்டுத்திட்டாக நிற்கும். ஆகவே வெள்ளைப் பசையை நீரில் இளக்கி, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அடுத்ததாக, ஐந்தாறு முறை பூசுகிறான். அதன்மேல் கறுப்பு. கறுப்பின்மேல், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் தங்கநிறத்தைத் தேய்க்கிறான். பள்ளங்களில் கறுப்பு தங்கிவிட, பழைய உலோகம்போல் ஒரு தோற்றம் கிடைக்கிறது.

‘பம்பருக்கும் இதே கதைதான் மாமா. அந்த பிளாஸ்டிக்ல பெயின்ட் ஒட்டாது. ஒரு செகண்ட் தீயைக் காட்டினாத்தான் பிடிக்கும்’ என்றான்.

பூசப்போகும் பரப்பை முதலில் பழக்கவேண்டும் என்பது கைவினைஞர்களின் பழைய அறிவு. கொண்டப்பள்ளி பொம்மைக்காரர்கள் மரத்தூளையும் புளியங்கொட்டை மாவையும் குழைத்து இணைப்புகளை மூடி, சுண்ணாம்பு பூசிய பிறகே வண்ணத்தைத் தொடுகிறார்கள். தஞ்சாவூர் ஓவியத்திலும் பலகைமேல் துணி, துணிமேல் சுண்ணப்பொடி. இவற்றை அப்படியே ஃபோமுக்குக் கொண்டுவர முடியாது. மரம் அசையாது, சுண்ணப் பூச்சு அதன்மேல் நிற்கும். ஃபோம் வளையும்; முதல் வளைவிலேயே பூச்சு பாளம்பாளமாக வெடித்துவிடும். உடம்போடு சேர்ந்து வளையத் தெரிந்த பூச்சு வேண்டும். கூத்துக் கட்டையோ இந்தச் சிக்கலை வேறு வழியில் கடந்திருக்கிறது. கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளையும் ஜிகினாவையும் கண்ணாடித் துண்டுகளையும் ஒட்டினார்கள். ஒளியை அது திருப்பி எறிந்தது. பெட்ரோமாக்ஸ் விளக்கின்முன் கர்ணன் சுழலும்போது கூட்டத்தின் முகங்களில் புள்ளிப்புள்ளியாக வெளிச்சம் ஓடுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன்.

அறையில் ஜன்னல் சாத்தியே இருக்கிறது, தூசி ஒட்டுமாம். தொழிற்சாலையில் முகக்கவசம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வீட்டில் யார் கேட்பது? கார்களுக்கு அடிக்கும் இரண்டு கலவைப் பளபளப்புப் பூச்சிலுள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழலைக் கெடுத்து ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. அதில் ஒரு டப்பா மாடியறையில் இருந்தது. அவன் இருமுவதைத் தங்கை இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வேடக்காரர்களின் முகப்பூச்சுக்கே பெயராகிவிட்ட அரிதாரம் ஆர்சனிக் கலந்த கனிமம் என்று அவனிடம் சொன்னேன். சிரித்தான். மறுநாள் அந்த டப்பா அங்கே இல்லை, ஜன்னல் திறந்திருந்தது. தண்ணீரில் கரையும் பூச்சே போதும் என்றான்.

போன ஞாயிறு பாலாற்றைக் கடந்து, கர்ண மோட்சம் பலமுறை ஆடிய வாத்தியார் ஒருவரிடம் புஜக்கட்டைகளை எடுத்துப் போனோம். அவர் ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

‘இன்னா தம்பி, காத்து மாதிரி இருக்குது. இதைக் கட்டிக்கினு விடிய விடிய ஆடலாமா?’

‘ஆட வேணாம் வாத்தியாரே. நின்னு போட்டோ எடுத்தாப் போதும்.’

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டையை விலக்கி இடது தோளைக் காட்டினார். கட்டையின் கயிறு பல ஆண்டுகள் அழுந்திய இடம் காய்த்துக் கறுத்துப்போயிருந்தது. இப்போது கையை மேலே தூக்கினால் வலிக்கிறதாம். இந்தப் பங்குனியில் மூன்று ஊர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். ‘எனக்கு ஒரு ஜோடி செய்வியா? ஆனா கண்ணாடி வேணும். கண்ணாடி இல்லாதது செத்த கட்டை’ என்றார்.

எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. அந்தப் பாரம்தான் ஆட்டக்காரரின் கால்களை அகல ஊன்றவைக்கிறது, சுழற்சிக்கு வேகத்தைக் கொடுக்கிறது என்று நம்புகிறவன் நான். காற்றுப்போன்ற கட்டையோடு சுழல்கிற கர்ணன் வேறொருவனாக இருப்பான். அந்தத் தோளைப் பார்த்தபின் இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வலி அவருடையது, பாரம் வேண்டும் என்பது திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிற என்னுடையது.

திரும்பும் வழியெல்லாம் பையன் கண்ணாடியைப் பற்றியே பேசினான். ஃபோம் வளைந்தால் துண்டுகள் தெறித்துவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் சிறு கடினத்தகட்டில் பதித்து, தகடுகளுக்கிடையே வளைய இடம்விட வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் வியர்வை. வெள்ளைப் பசை ஈரம் பட்டால் இளகும், வாத்தியாரோ இரவு முழுக்க நனைவார். உட்புறத்தில் மட்டும் பசைக்குப் பதில் ரப்பர் பூச்சு கொடுத்து, அதன்மேல் துணி ஒட்டிப் பார்க்கிறான். துணியை வாத்தியாரே கொடுத்தனுப்பினார். அவருடைய பழைய கட்டையின் உள்ளே இருந்தது, வியர்வையில் பழுப்பேறியது.